கன்னியாஸ்திரி, சிஸ்டர், மதர்... எல்லாம் ஒன்றா? ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு கதை!

ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியையைப் பிள்ளைகள் ‘மதர்’ என்று கூப்பிடுவார்கள். கணக்குப் பாடம் எடுப்பவர் ‘சிஸ்டர்’. ஆண்டு விழா அழைப்பிதழில் இரண்டு பேருக்கும் ‘அருட்சகோதரி’ என்று அச்சாகியிருக்கும். அதே பள்ளியைப் பற்றித் தமிழில் செய்தி வந்தால் ‘கன்னியாஸ்திரி’, ஆங்கிலத்தில் வந்தால் ‘நன்’.

எல்லாம் ஒன்றுதானே, ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி ‘நன்’ வேறு, ‘சிஸ்டர்’ வேறு. ஒரு துறவறப் பெண் தெருவில் இறங்கி நோயாளியைப் பார்க்கப் போகலாமா, இல்லை மடத்துச் சுவருக்குள்ளேயே ஆயுளைக் கழிக்க வேண்டுமா என்பதை இந்தப் பெயர்கள் முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. அதனால் ‘நாங்கள் நன் அல்ல’ என்று சொல்லியே பிழைத்த சபைகளும் உண்டு. அப்படிச் சொல்ல முடியாமல் உள்ளே அடைபட்ட சபைகளும் உண்டு.

‘நன்’ என்றால் பாட்டி!

ஆங்கிலத்தின் ‘நன்’, பிரெஞ்சின் ‘நொன்’, ஜெர்மனின் ‘நொன்னெ’ எல்லாவற்றுக்கும் மூலம் பிற்கால லத்தீன் சொல்லான ‘நொன்னா’. வயதில் மூத்த பெண்மணியை மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது. ஆணுக்கு ‘நொன்னுஸ்’. மழலை பேசும் குழந்தையின் வாயில் பிறந்த சொல் என்பது மொழியியலாளர்களின் கணிப்பு. இன்றைக்கும் இத்தாலியில் போய் ‘நொன்னா’ என்றால் பாட்டிதான் திரும்பிப் பார்ப்பார்.

(தெலுங்கில் ‘நான்னா’ என்றால் அப்பா ஆச்சே என்று சிலருக்கு உடனே தோன்றும். சம்பந்தம் கிடையாது. குழந்தைகளின் வாயில் முதலில் வரும் ஒலிகள் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். ஒலி ஒத்துப்போனால் வேர் ஒன்றாகிவிடாது.)

துறவறப் பெண்களைக் குறித்து இந்தச் சொல் வரும் மிகப் பழைய இடங்களில் ஒன்று, 384ல் ரோம் நகரில் புனித ஜெரோம், யூஸ்டோக்கியம் என்ற இளம் பெண்ணுக்கு எழுதிய நீண்ட கடிதம். அதில் ‘நொன்னா’ பாராட்டாக வரவில்லை, கிண்டலாக வருகிறது. கணவனை இழந்து, மறுமணம் செய்யாமல், ஆனால் வசதியான வாழ்க்கையையும் விடாமல் இருக்கும் ரோமானியச் சீமாட்டிகளை ஜெரோம் ஒரு பிடி பிடிக்கிறார். மறுபடி ஒரு கணவனின் அதிகாரத்துக்குள் போக விரும்பாத இவர்களைக் கற்புள்ளவர்கள் என்றும் ‘நொன்னா’ என்றும் ஊர் மெச்சுகிறதாம்! அங்கே அந்தப் பெயருக்கு உரியவர்கள் கன்னியர் அல்ல, விதவைகள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழுக்கு வரும்போது தேவைப்படும்.

விதவை, கன்னி என்ற இந்தக் குழப்பம் அதைவிடப் பழையது. முதல் நூற்றாண்டுச் சபைகளில் விதவைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. ஜெபிப்பதும் தொண்டு செய்வதும் அவர்கள் வேலை, பராமரிப்பது சபையின் பொறுப்பு. 2ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாவின் ஆயர் இக்னேஷியஸ் ஸ்மிர்னா நகரச் சபைக்கு எழுதிய கடிதத்தில், விதவைகள் என்று அழைக்கப்படும் கன்னியருக்கு வாழ்த்துச் சொல்கிறார். அதாவது, கல்யாணமே ஆகாத பெண்கள் ‘விதவை’ என்ற பெயரில் அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறார்கள். ‘விதவை’ என்பது அப்போது ஒரு பதவியின் பெயர் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

6ம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் (தமிழ்க் கத்தோலிக்கர் ‘ஆசீர்வாதப்பர்’ என்பார்கள்) தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், இளையவர்கள் மூத்தவர்களை ‘நொன்னுஸ்’ என்று கூப்பிட வேண்டும் என்கிறார். ஆண்பால் சொல் காலப்போக்கில் மடங்களிலிருந்து மறைந்துவிட்டது. பெண்பால் சொல் மட்டும் தங்கி, வயது என்ற பொருளை உதறிவிட்டு, இருபது வயதுப் பெண்ணுக்கும் பெயராகிவிட்டது.

லத்தீனில் இன்னொரு சொல்லும் இருந்தது: ‘சாங்க்டிமோனியாலிஸ்’. புனிதமாக வாழ்பவள் என்று பொருள். நாக்கு சோர்ந்து அது ‘மோனியாலிஸ்’ ஆகச் சுருங்கியது. திருச்சபைச் சட்டத்தில் ‘நன்’ என்பதற்கு இன்றுவரை இதுதான் அதிகாரபூர்வச் சொல். அதே வேரிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ‘சாங்க்டிமோனியஸ்’ இன்று என்ன ஆயிற்று தெரியுமா? பக்திமான் வேஷம் போடுகிறவர் என்று திட்டும் சொல்.

எகிப்துப் பாலைவனத்து ‘அம்மா’

4, 5ம் நூற்றாண்டுகளில் எகிப்தின் பாலைவனங்களுக்குத் துறவிகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அனுபவம் முதிர்ந்த துறவியை ‘அப்பா’ என்று கூப்பிட்டார்கள். தமிழ்ச் சொல் அல்ல, அரமேயச் சொல். பொருள் மட்டும் அதேதான். பெண் துறவிகளுக்கு? ‘அம்மா’! சின்கிலெட்டிகா அம்மா, சாரா அம்மா, தியடோரா அம்மா என்று மூன்று பேரின் அறிவுரைகள், பாலைவனத் தந்தையரின் பொன்மொழித் தொகுப்பிலேயே இடம்பெற்றிருக்கின்றன. மழலை ஒலியைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

‘அம்மா’ கிழக்கோடு நின்றுவிட்டது. மேற்கே போனது ‘அப்பா’தான். லத்தீனில் மடத்தின் தலைவர் ‘அப்பாஸ்’ ஆனார். பெண்கள் மடத்துக்குத் தலைவி வேண்டும் என்றபோது, கையில் இருந்த ‘அம்மா’வை எடுக்காமல், ‘அப்பா’வுக்கே பெண்பால் விகுதி சேர்த்து ‘அப்பாட்டிஸ்ஸா’ என்றார்கள். ஆங்கிலத்தின் ‘அபெஸ்’ இதிலிருந்து வந்ததுதான். பச்சையாக மொழிபெயர்த்தால் ‘பெண் அப்பா’.

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் சிலருக்கு அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்பெயினில் புர்கோஸ் நகருக்குப் பக்கத்தில் லாஸ் உயெல்காஸ் மடத்தின் தலைவி, தன் ஆளுகைக்கு உட்பட்ட ஊர்களில் ஓர் ஆயருக்கு நிகரான நிர்வாக அதிகாரம் செலுத்தினார். பாதிரியார்கள் அங்கே பிரசங்கம் செய்யக்கூட அவருடைய அனுமதி வேண்டும். நூற்றாண்டுகள் நீடித்த இந்த அதிகாரத்தை 1873ல் போப் ஒன்பதாம் பயஸ் ரத்து செய்தார்.

கதவு எப்போது பூட்டப்பட்டது?

1298ல் போப் எட்டாம் போனிஃபேஸ் ஓர் ஆணை போட்டார். துறவறப் பெண்கள் எந்த ஊரில், எந்தச் சபையில் இருந்தாலும் மடத்தை விட்டு வெளியே வரக்கூடாது. தகுந்த காரணமும் அனுமதியும் இல்லாமல் வெளியார் உள்ளே போகவும் கூடாது. ‘அடைபட்ட மடம்’ என்பது இதனால் பெண்கள் எல்லாருக்கும் பொது விதியானது. ஆண் துறவிகளுக்கு இப்படி ஒரு பொது விதி போடப்படவில்லை. பிரான்சிஸ்கன், டொமினிக்கன் துறவிகள் ஊர் ஊராக நடந்து பிரசங்கம் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், அந்தந்தச் சபையின் பெண் பிரிவினர் சுவருக்குள் இருந்தார்கள்.

ஆணையை எல்லா இடத்திலும் உடனே யாரும் பின்பற்றிவிடவில்லை. 1563ல் திரெந்து பொதுச்சங்கம் அதை மறுபடி வலியுறுத்தியது. 1566ல் போப் ஐந்தாம் பயஸ் இன்னும் இறுக்கினார். சபையாகக் கூடி வாழும் பெண்கள், வார்த்தைப்பாடு எடுத்து, அடைபட்டே வாழ வேண்டும்; மறுத்தால் புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது. பெண்ணுக்கு ‘ஒன்று கணவன், இல்லை சுவர்’ என்று லத்தீனில் சொலவடையே உண்டு.

இந்தச் சட்டம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சபையின் பெயரே சாட்சி. 1610ல் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஆன்சி நகரில் ஆயர் பிரான்சிஸ் டி சேல்ஸும் ஜேன் டி சந்தாலும் ஒரு சபையைத் தொடங்கினார்கள். ஜேன் ஒரு விதவை, பல பிள்ளைகளின் தாய். மரியாள் தன் உறவினர் எலிசபெத்தைத் தேடிப் போய்ப் பார்த்த நிகழ்ச்சியின் பெயரைச் சபைக்கு வைத்தார்கள்: ‘விசிட்டேஷன்’, அதாவது சந்திப்பு. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பதும் அவர்களுடைய பணியில் சேர்ந்திருந்தது. லியோன் நகரில் அடுத்த மடம் திறக்கப் போனபோது அந்த ஊர் பேராயர், அடைபட்ட மடமாக இருந்தால்தான் சரி என்று நின்றார். 1618க்குள் விசிட்டேஷன் சபை முழுக்க அடைபட்ட சபையாக மாறிவிட்டது. தேடிப் போய்ச் சந்திப்பவர்கள் என்ற பெயர் மட்டும் அப்படியே இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

‘கேட்டால், நாங்கள் நன் இல்லை என்று சொல்லுங்கள்’

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துப் பாடம் படித்தவர் வின்சென்ட் தே பவுல். 1633ல் பாரிசில் அவரும், இன்னொரு விதவையான லூயிஸ் டி மரியாக்கும் சேர்ந்து ஏழை நோயாளிகளைப் பராமரிக்கக் கிராமத்துப் பெண்களைத் திரட்டினார்கள். சபைக்கு வைத்த பெயர் ‘அன்பின் புதல்வியர்’. பெயரில் துறவறத்தின் வாடையே இருக்கக்கூடாது என்பதில் வின்சென்ட் குறியாக இருந்தார். மடம் என்று சொல்லாமல் வீடு என்றார்கள். கிராமத்துப் பெண்கள் போடும் உடுப்பையே போட்டார்கள். ஆயர் யாராவது விசாரித்தால், ‘நாங்கள் துறவறப் பெண்கள் அல்ல’ என்று பதில் சொல்லும்படி அவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்தப் பெயரை ஏற்றால் அடுத்த நாளே கதவு பூட்டப்படும், ஏழைகளுக்குச் செய்யும் பணி அத்தோடு முடியும் என்று காரணமும் சொன்னார். நோயாளிகளின் வீடுதான் இவர்களுக்கு மடம், ஊர்த் தெருதான் இவர்களுடைய சுற்றுச்சுவர் என்பது அவர் அடிக்கடி சொன்ன விளக்கம்.

சும்மா வார்த்தை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். சட்டத்துக்குப் பிடி கொடுக்காமல் இருக்க, இந்தச் சபையினர் ஆயுளுக்கும் வார்த்தைப்பாடு எடுப்பதில்லை. ஒரு வருடத்துக்கு எடுத்து, அடுத்த வருடம் புதுப்பிக்கிறார்கள். கிட்டத்தட்ட 400 வருடம் ஆகியும் அந்த வழக்கம் மாறவில்லை.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த மேரி வார்டு இப்படி ஒதுங்கிப் போகவில்லை. 1609ல் சபையைத் தொடங்கி, இயேசு சபை ஆண்கள் எப்படி இயங்குகிறார்களோ அப்படியே நாங்களும் இயங்குவோம் என்று வெளிப்படையாகவே கேட்டார். அடைபட்ட மடம் வேண்டாம், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும். எதிரிகள் அவர்களை ‘பெண் ஜெசூட்டுகள்’ என்றும், ‘குதிரை வேகத்தில் ஓடும் பெண்கள்’ என்றும் கேலி செய்தார்கள். 1631ல் போப் எட்டாம் உர்பன் சபையைக் கலைத்தார். மேரி வார்டை விசுவாச விரோதி என்று சொல்லி மியூனிக் நகரில் சிறைவைத்தார்கள். சிறை எது? அடைபட்ட கிளாரா சபைக் கன்னியர் மடம்.

மிச்சமிருந்தவர்கள் ‘ஆங்கிலேயச் சீமாட்டிகள்’ என்ற பெயரில் ஜெர்மன் நாடுகளில் பள்ளி நடத்திக்கொண்டு காலம் தள்ளினார்கள். 1749ல் போப் பதினான்காம் பெனடிக்ட், இவர்கள் ‘நன்’ அல்ல என்ற நிபந்தனையோடு தொடர அனுமதித்தார். மேரி வார்டுதான் நிறுவனர் என்று சொல்லிக்கொள்ள மட்டும் 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு நடுவே 18, 19ம் நூற்றாண்டுகளில் பள்ளி, மருத்துவமனை, அனாதை இல்லம் என்று வேலை செய்யும் பெண்கள் சபைகள் ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கில் முளைத்துவிட்டன. ஊரெல்லாம் அவர்களைச் ‘சகோதரிகள்’ என்றது. ஆனால் ரோமின் சட்டப் பார்வையில் அவர்கள் முழுமையான துறவியர் கிடையாது. 1900ல்தான் போப் பதின்மூன்றாம் லியோ அந்த அங்கீகாரத்தைக் கொடுத்தார். 1917ல் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டம் இரண்டு பெயரையும் எழுத்தில் பிரித்து வைத்தது. ‘பெருவார்த்தைப்பாடு’ எடுத்தவர்கள் மோனியாலிஸ், அதாவது நன். எளிய வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் ‘சோரோர்’, அதாவது சிஸ்டர். 1983ல் வந்த இப்போதைய சட்டத்திலும் மோனியாலிஸ் என்ற சொல் தனித்து இயங்கும் மடங்களில் வாழ்பவர்களுக்குத்தான் வருகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், இந்தியாவில் பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் நாம் பார்ப்பவர்களில் அநேகமாக எல்லாருமே சிஸ்டர்தான். கார்மேல், கிளாரா போன்ற அடைபட்ட மடங்களில் இருப்பவர்கள்தான் நன். அவர்களை நாம் அதிகம் பார்ப்பதில்லை, பெயரின் பொருளே அதுதானே!

நர்சும் ‘சிஸ்டர்’ ஆனது இந்த வழியில்தான். லண்டனின் செயின்ட் பார்த்தலோமியூ போன்ற பழைய மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கவனித்தவர்கள் துறவறச் சகோதரிகள். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பிறகும், அங்கே வேலைக்கு வந்த பெண்களுக்கு ‘சிஸ்டர்’ பட்டம் ஒட்டிக்கொண்டது. பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் வார்டுக்குப் பொறுப்பான தலைமை நர்சுக்கு அது பதவிப் பெயரானது. நம் அரசு ஆஸ்பத்திரியில் ‘சிஸ்டர், டிரிப் முடிஞ்சிருச்சு’ என்று குரல் கொடுப்பவருக்கு இந்த வரலாறெல்லாம் தெரிய வேண்டியதில்லை. ஜெர்மனியில் நர்சுக்கு ‘நோயாளிகளின் சகோதரி’ என்றே பெயர் இருந்தது. ஆணும் பெண்ணும் செய்யும் தொழிலுக்கு அது பொருந்தாது என்று சட்டத்தில் மாற்றிவிட்டார்கள்.

மதர் தெரசாவை எப்போதிலிருந்து ‘மதர்’ என்றார்கள்?

கொல்கத்தா சேரிகளில் செய்த சேவையைப் பார்த்து மக்கள் வைத்த பெயர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1928ல் அவர் சேர்ந்தது அயர்லாந்தின் லொரேட்டோ சபையில். மேரி வார்டின் சபையிலிருந்து கிளைத்தது அது. 1937 மே மாதம் நிரந்தர வார்த்தைப்பாடு எடுத்த நாளிலிருந்தே, சபை வழக்கப்படி அவர் ‘மதர்’ தெரசா. அப்போது அவர் பள்ளி ஆசிரியை. சேரிக்குப் போக மடத்தை விட்டு வெளியேறியது 1948ல். அதற்கும் வாடிகனின் தனி அனுமதி தேவைப்பட்டது.

அந்தக் காலத்தில் பல சபைகளில் ‘மதர்’, ‘சிஸ்டர்’ என்பது இரண்டு வகுப்புகளைக் குறித்தது. படித்த, பெரும்பாலும் சீதனத்தோடு வந்த பெண்கள் லத்தீன் ஜெபங்களைப் பாடினார்கள், பாடம் நடத்தினார்கள், ‘மதர்’ எனப்பட்டார்கள். சமையல், சலவை, தோட்டம் என்று உடல் உழைப்புக்கு வந்தவர்கள் ‘சிஸ்டர்’. மடத்துக்குள்ளும் மேசை தனி, உடையில்கூட வித்தியாசம். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்களுக்குள் இப்படி ஒரு மேல் கீழ் பல நூற்றாண்டு ஓடியிருக்கிறது என்பதை வரலாற்றுப் புத்தகங்கள் மெல்லிய குரலில்தான் சொல்கின்றன. 1965ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பெண்கள் சபைகளில் ஒரே வகுப்புதான் இருக்க வேண்டும் என்றது. அதன் பிறகு எல்லாரும் ‘சிஸ்டர்’ ஆனார்கள். ‘மதர்’ என்பது தலைவிக்கு மட்டும் மிஞ்சியது.

மனைவியும் இல்லை, நன்னும் இல்லை

இந்தக் கட்டங்கள் எதிலும் அடங்காதவர்களும் இருந்தார்கள். 13ம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதிகளில் ‘பெகீன்’ எனப்பட்ட பெண்கள், ஆயுள்கால வார்த்தைப்பாடு எடுக்காமல், துணி நெய்து சம்பாதித்து, சேர்ந்து வாழ்ந்தார்கள். வேண்டாம் என்றால் கிளம்பிப் போய்க் கல்யாணம் செய்துகொள்ளலாம். பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. சாயம் போடாத துணியின் நிறம் என்பார்கள், முணுமுணுத்து ஜெபிப்பவர் என்பார்கள். எப்படியானாலும், ஆரம்பத்தில் அது வசைச்சொல் என்பது பொதுவான கருத்து. அவர்களில் ஒருவரான மார்கரெட் போரெட், தான் எழுதிய நூலைத் திரும்பப் பெற மறுத்ததற்காக 1310ல் பாரிசில் உயிரோடு எரிக்கப்பட்டார். பெகீன்களின் கடைசி வாரிசாகக் கருதப்பட்ட மார்செல்லா பட்டின், 2013ல் பெல்ஜியத்தின் கோர்ட்ரைக்கில் காலமானார்.

‘கேனனஸ்’ என்று இன்னொரு வகை. ‘கேனன்’ என்றால் கிரேக்கத்தில் அளவுகோல், விதி. ஜெர்மன் நாடுகளில் அரச குடும்பத்துப் பெண்கள் இந்தப் பெயரில் சொத்தோடும் வேலைக்காரர்களோடும் வாழ்ந்தார்கள். அந்தப் பெயருக்கும் குமரி மாவட்டத்துக்கும் தொடர்பு உண்டு. 1897ல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூடு வந்த மதர் மேரி லூயிஸ் டி மேஸ்டர் அங்கே தொடங்கிய சபையின் முதல் பெயர் ‘புனித அகுஸ்தினாரின் மிஷனரி கேனனஸ்கள்’. அனாதைக் குழந்தைகளை வளர்க்கவும், லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கவும் வந்தவர்களுக்கு இளவரசிகளின் பட்டம்! 1960களில் அந்தப் பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

உயிரோடு இருக்கும்போதே ‘இறந்தவர்’?

பெயர் விவகாரம் பழங்கதை அல்ல. அரசு உதவி பெறும் பள்ளிகளில் வேலை செய்யும் பாதிரியார்கள், சிஸ்டர்களின் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. திருச்சபைச் சட்டப்படி ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர் சம்பாதிப்பதெல்லாம் சபைக்குச் சேரும். சொத்து விஷயத்தில் அவர் ‘சிவில் மரணம்’ அடைந்தவர். அதனால் சம்பளம் அவருடைய வருமானமே அல்ல என்பது சபைகளின் வாதம். தனி நீதிபதி இதை ஏற்றார். 2019ல் இரண்டு நீதிபதிகள் அமர்வு ஏற்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சபைகளின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. சம்பளம் அந்த நபரின் பெயரில்தான் வருகிறது, வரி பிடிக்க வேண்டியதுதான் என்று ஆனது.

இதில் ஒரு நுணுக்கம். பழைய சட்டத்தில், சொத்தை வைத்திருக்கும் உரிமையையே முழுதாக இழந்தவர்கள் பெருவார்த்தைப்பாடு எடுத்த நன்கள்தான். எளிய வார்த்தைப்பாடு எடுத்த சிஸ்டருக்கு, வீட்டில் வந்த சொத்தின் மேல் உரிமை பெயரளவில் இருந்தது. அனுபவிக்க முடியாது, அவ்வளவுதான். சம்பாத்தியம் சபைக்கு என்பது மட்டும் இருவருக்கும் பொது.

தமிழுக்கு வந்த ‘கன்னியாஸ்திரி’

போர்ச்சுகீசியர் வந்த பிறகு தமிழ்க் கடற்கரை பல சொற்களை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. மேசை, ஜன்னல், சாவி வரிசையில் ‘பாதிரி’யும் ஒன்று, ‘தந்தை’ என்று பொருள்படும் ‘பத்ரே’யிலிருந்து வந்தது. துறவறப் பெண்ணுக்கும் போர்ச்சுகீசிய மொழியில் ‘ஃப்ரெய்ரா’ என்று சொல் இருக்கிறது. ‘சகோதரன்’ என்ற சொல்லின் பெண்பால் அது. ஆனால் அது தமிழில் நுழையவே இல்லை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். கடற்கரைக் கிராமங்களில் மக்கள் கண்ணெதிரே நடமாடியவர்கள் பாதிரிகள். கோவாவில் 1606ல் தொடங்கிய சாந்தா மோனிக்கா மடமோ அடைபட்ட மடம்.

அதனால் ஆணுக்குக் கடன் சொல்லும், பெண்ணுக்குச் சமஸ்கிருதத்திலிருந்து கட்டிய சொல்லும் அமைந்தன. கன்யா என்றால் மணமாகாத இளம்பெண், ஸ்திரீ என்றால் பெண். மலையாளத்திலும் இதே ‘கன்யாஸ்த்ரீ’தான். அவர்கள் வாழும் இடத்துக்கு இரண்டு மொழியிலும் ‘மடம்’ என்ற பழைய சொல்லே கைகொடுத்தது.

சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருந்துகிறதா? கற்பு வார்த்தைப்பாடு என்பது இனிமேல் மணவாழ்க்கை இல்லை என்று உறுதி சொல்வது. முன்னால் மணமாகியிருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. விசிட்டேஷன் சபையின் ஜேன் டி சந்தால், அன்பின் புதல்வியரின் லூயிஸ் டி மரியாக் இருவரும் விதவைகள் என்று மேலே பார்த்தோம். 1809ல் அமெரிக்காவில் முதல் சகோதரிகள் சபையைத் தொடங்கிய எலிசபெத் ஆன் சீட்டன் ஐந்து பிள்ளைகளின் தாய். மூன்று பேருக்கும் புனிதர் பட்டம் உண்டு. தமிழில் மூவரையும் ‘கன்னியாஸ்திரி’ என்றுதான் எழுதுகிறோம்!

இன்னொரு பக்கம், திருச்சபையில் நிஜமாகவே ‘கன்னியர்’ என்று ஒரு தனி நிலை உண்டு. எந்தச் சபையிலும் சேராமல், சொந்த வீட்டில் இருந்து, வேலைக்கும் போய்க்கொண்டு, ஆயரின் கையால் அர்ப்பணிப்புப் பெறும் பெண்கள். ஆதிச் சபையில் இருந்து மறைந்துபோன இந்த முறையை 1970ல் வாடிகன் மீட்டெடுத்தது. அவர்களைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘கன்னியர்’ என்ற சொல்லைத்தான் ஏற்கெனவே சிஸ்டர்களுக்குக் கொடுத்தாயிற்றே.

ஆண் துறவியைத் ‘துறவி’ என்று, அவர் எதை விட்டார் என்பதை வைத்துச் சொல்லும் தமிழ், பெண்ணை மட்டும் அவருடைய உடல்நிலையை வைத்துச் சொல்வது ஏன் என்ற கேள்வியும் இருக்கிறது. முகத்துக்கு நேரே யாரும் ‘கன்னியாஸ்திரி’ என்று கூப்பிடுவதில்லை என்பதையும் கவனிக்கலாம். அது செய்தியில் வரும் சொல், அகராதியில் வரும் சொல். நேரில் சிஸ்டர், மதர், அல்லது அம்மா. திருச்சபை வட்டாரத்தில் ‘அருட்தந்தை’க்கு ஜோடியாக ‘அருட்சகோதரி’ நிலைத்துவிட்டது. ஆண், பெண் இருவரையும் சேர்த்துச் சொல்ல ‘இருபால் துறவியர்’ என்கிறார்கள்.

பெண் துறவிக்குத் தமிழில் சொல்லே இல்லாமல் போகவில்லை. கழுகுமலைச் சமணர் கல்வெட்டுகளில் ‘குரத்தி’ என்று வருகிறது. குரவர் என்றால் ஆசிரியர், அதன் பெண்பால் குரத்தி. (சின்ன ‘ர’. குறத்தி வேறு.) கோவலன், கண்ணகியோடு மதுரைக்கு நடந்துவரும் கவுந்தியைச் சிலப்பதிகாரம் ‘அடிகள்’ என்றே சொல்கிறது, ஆணுக்கும் அதே சொல்தான். இரண்டிலுமே கன்னிமை பற்றிப் பேச்சில்லை. சமணத்தோடு அடையாளப்பட்டுவிட்ட அந்தச் சொற்கள் கத்தோலிக்கர் பக்கம் வரவில்லை.

‘கன்னியர் மடம்’ என்ற சொல்லோ மடத்தையும் தாண்டிப் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் ‘திருக்குடும்பக் கன்னியர் மடம்’ என்றால் அது ஒரு பெண்கள் பாடசாலை. தமிழ்நாட்டில் அதே வேலையை ஆங்கிலச் சொல் பார்க்கிறது. லத்தீனில் ‘ஒன்றுகூடல்’ என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்த ‘கான்வென்ட்’, இங்கே துறவறத்தோடு சம்பந்தமே இல்லாத இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளிலும் இருக்கிறது.